பதினெட்டு நாற்காலியும் பிரியாணிப் பொட்டலமும்

போன மாதம் ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்திருந்தார். வேதாகமக் கல்லூரி முடித்துவிட்டு பேரணாம்பட்டு பக்கம் ஒரு கிராமத்தில் புதுசாக சபை ஆரம்பிக்கப் போகிறார். கையில் ஒரு நோட்டு. "அண்ணே, முதல்ல என்னென்ன வாங்கணும்னு எழுதியிருக்கேன், பாத்து சொல்லுங்க" என்றார். ஆம்ப்ளிஃபையர், இரண்டு பாக்ஸ், மைக், கீபோர்டு, ரிதம் பேட், நாற்காலி, பேனர். கூட்டிப் போட்டு அடியில் இரண்டு கோடு வேறு. நான் பேனாவை வாங்கி நாற்காலி என்ற வரியை அடித்தேன், அப்புறம் பாக்ஸ், அப்புறம் மைக். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஏன் அடித்தேன் என்று சொல்ல ஆரம்பித்தது ராத்திரி பதினோரு மணி வரைக்கும் போனது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன், அவரிடம் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்ட இரண்டு மூன்று விஷயத்தையும் சேர்த்து.

நான் முழுநேர ஊழியக்காரன் இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்தாரே, அந்த மாதிரி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் சம்பளத்தை விட்டுவிட பயம், அவ்வளவுதான். 2009 இல் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில், காலனியில் பீடி சுற்றுகிற ஓர் அம்மா வீட்டுத் திண்ணையில் செவ்வாய்க்கிழமை ஜெபமாக ஆரம்பித்தது. முதல் நாள் ஐந்து பேர், அதில் ஒருவர் தூக்கத்தில். எனக்கு சொந்த ஊர் ஆரணி பக்கம். வெளியூர்க்காரரான காமராஜரையே 1954 இடைத்தேர்தலில் ஜெயிக்க வைத்த தொகுதி குடியாத்தம், என்னை மட்டும் அந்தக் கிராமம் ஏற்றுக்கொள்ள நாலு வருஷம் ஆனது.

ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் செய்த ஒரே சரியான காரியம், பக்கத்திலிருந்த பழைய சி.எஸ்.ஐ. சபையின் ஆயரைப் போய்ப் பார்த்தது. அதுவும் என் யோசனை இல்லை, என் மனைவி சொன்னது. வட ஆற்காட்டில் சபை ஸ்தாபிக்கப் போகிற பலருக்கு ஏதோ யாரும் கால் வைக்காத காட்டுக்குள் போகிற நினைப்பு இருக்கிறது. அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் குடும்பத்தார் ஆற்காடு மிஷனை ஆரம்பித்தது 1853 இல். ஆம்பூர் பக்கம் லுத்தரன்காரர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிறார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை, அதாவது இந்த சி.எஸ்.ஐ., உருவானபோது ஆற்காடு மிஷன் சபைகளும் அதற்குள் வந்தன. வேலூர் பேராயம் தனியாகப் பிரிந்தது 1976 இல். எந்தக் கிராமத்துக்குப் போனாலும் நமக்கு முன்னாடி ஒருவர் வந்து கிணறு வெட்டிவிட்டுப் போயிருப்பார். அந்த ஆயர் என்னை உட்கார வைத்து, காபி கொடுத்து, சிரித்துக்கொண்டே கேட்டார்: "எங்க சபையிலேர்ந்து எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போகப் போறீங்க பிரதர்? இப்பவே சொல்லிட்டா ரிஜிஸ்டர்ல அடிச்சிடலாம்." எனக்கு வியர்த்துவிட்டது, ஏனென்றால் என் மனசில் நாலு குடும்பம் கணக்கில் இருந்தது. மற்றொருவன் போட்ட அஸ்திபாரத்தின்மேல் கட்டமாட்டேன் என்று பவுல் ரோமர் 15 இல் எழுதியதைப் பிரசங்கத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்கு எழுதியதாகப் பட்டது. உங்கள் சபை ஆட்கள் வந்தால் உங்களிடம் சொல்லாமல் சேர்க்கமாட்டேன் என்று வாக்கு கொடுத்துவிட்டு வந்தேன். ஏழு வருஷம் கழித்து ஒரு ராத்திரி அந்த வாக்கு என்னைக் காப்பாற்றியது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

எட்டு மாதத்தில் திண்ணை பத்தவில்லை. கல்நார் ஷீட் போட்ட ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்தோம், முன்னாடி அதில் தேங்காய் மட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். பாய் விரித்துக் கூடுவோம். எனக்குத் தெரிந்த ஒருவர் நல்ல மனசோடு பதினெட்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக் கொடுத்தார். கூடுகிறவர்கள் நாற்பது பேர், நாற்காலி பதினெட்டு. தினமும் கணக்கு எழுதுகிறவனுக்கு இந்தக் கணக்கில் இருந்த வம்பு தெரியவில்லை பாருங்கள்.

முதல் ஞாயிறு கூச்சப்பட்டு யாரும் உட்காரவில்லை. இரண்டாவது ஞாயிறு ஊருக்குள்ளிருந்து வந்த மூன்று குடும்பம் உட்கார்ந்தது. காலனிக்காரர்கள் பாயிலேயே இருந்துவிட்டார்கள். நான் யாரையும் அப்படி உட்காரச் சொல்லவில்லை, யாரும் யாரையும் எழுப்பவும் இல்லை, தானாக நடந்தது. தானாக நடக்கிறதுதான் ஆபத்து. ஆறு மாதத்தில் அது எழுதாத சட்டம் ஆகிவிட்டது. ஒரு ஞாயிறு காலனியில் டிகிரி படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தாமதமாக வந்தவள், பாயில் இடமில்லாததால் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அம்மாவே பாயிலிருந்து எட்டி அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். சத்தமே இல்லை. அந்தப் பெண் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அன்றைக்கு என்ன பிரசங்கம் பண்ணினேன் என்று ஞாபகமில்லை, அந்த இழுப்பு மட்டும் ஞாபகமிருக்கிறது. யாக்கோபு நிருபத்தில் பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் ஏழைக்கு "நீ அங்கே நில்லு" என்பதும் வருகிறதல்லவா, அதை நாங்கள் வாய் திறக்காமலே செய்துகொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் பன்னிரண்டு நாற்காலியை அடுக்கி மூலையில் வைத்துவிட்டேன். மிச்சம் ஆறு, முட்டி வலிக்காரர்களுக்கு மட்டும். முட்டி வலி ஊரிலும் உண்டு, காலனியிலும் உண்டு. எனக்கென்று முன்னால் போட்டிருந்த குஷன் வைத்த நாற்காலியையும் எடுத்துவிட்டேன். அதை எடுக்கத்தான் ரொம்ப யோசித்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

இதைச் சொன்னதும் அந்தத் தம்பி, "இது சின்ன விஷயம்தானேண்ணே" என்றார். சின்ன விஷயம்தான். சபையின் உபதேசத்தைப் போதகர் சொல்லிக்கொடுக்கிறார், சபையின் குணத்தை இந்தச் சின்ன விஷயங்கள் சொல்லிக்கொடுத்துவிடுகின்றன. முதல் இரண்டு வருஷத்தில் எது பழக்கமாகிறதோ அதுதான் சபை, அப்புறம் மாற்றுவது உளியால் சிமென்டைக் கொத்துகிற வேலை. நான் கொத்தியிருக்கிறேன்.

பெரிய கொத்து சாப்பாட்டில். வருஷப் பிறப்பு, ஈஸ்டர், ஸ்தோத்திரப் பண்டிகை என்றால் ஆராதனை முடிந்ததும் ஐக்கிய விருந்து வைக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. சமைக்க ஆள், பாத்திரம், விறகு எல்லாம் தொல்லை. நானோ ஆம்பூரிலிருந்து வருகிறவன். ஆம்பூர்க்காரன் என்ன செய்வான்? பிரியாணி பொட்டலம் வாங்கி வந்துவிடுவான். அட்டைப் பெட்டியில் அறுபது பொட்டலம், கூடவே கத்திரிக்காய் தொக்கு தனியாக. எல்லாருக்கும் ஒன்று, கையில் கொடுத்து ஸ்தோத்திரம் சொல்லி அனுப்பிவிடுவோம். எல்லாரும் சந்தோஷமாக வாங்கிப் போவார்கள். ஊர்க்காரர்கள் காலனிக்காரர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று வாங்குவதை நான் போட்டோகூட எடுத்து, பார், ஒரே சபை என்று நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். இப்படி இரண்டு வருஷம்.

அந்தத் திண்ணை வீட்டு அம்மாவுக்கு மாமியார் ஒருவர் உண்டு, எண்பதுக்குப் பக்கத்தில் வயசு. அவர் பிறந்த ஊர் பழைய மிஷன் கிராமம், அதனால் போதகரை ஐயர் என்று கூப்பிடுகிற பழக்கம் விடவில்லை. ஒரு ஈஸ்டர் அன்று பொட்டலத்தைக் கையில் வாங்கி, பிரிக்காமல், என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா ஐயரே, எங்க கையால ஆக்குன சோறு அவங்களுக்கு எறங்காதுன்னுதானே பொட்டலம் வாங்கியாந்து குடுக்கறீங்க?"

சத்தியமாக நான் அப்படி நினைத்து வாங்கவில்லை. வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது யோசித்துப் பார்த்தேன். நான் நினைக்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். காலனியில் சமைத்தால் ஊர்க்காரர்கள் மூன்று குடும்பமும் சாப்பிடாது என்று உள்ளுக்குள் ஒரு இடத்தில் தெரிந்துதான் இருந்தது, அந்த இடத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் பொட்டலம். பொட்டலம் இருந்தால் யாரும் யார் பக்கத்திலும் உட்கார வேண்டாம், யார் சமைத்தார்கள் என்று கேட்க வேண்டாம். பிரச்சினையே இல்லாத மாதிரி இருக்கும். எருசலேம் சபையிலேயே முதல் முறுமுறுப்பு எதில் வந்தது? அப்போஸ்தலர் 6, அன்றாட விசாரணையில், எந்த ஜனத்து விதவைக்குச் சாப்பாடு கிடைத்தது, எந்த ஜனத்து விதவைக்குக் கிடைக்கவில்லை என்பதில். கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்தி கெட்டதும் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் முந்திச் சாப்பிட்டதில்தான். இதையெல்லாம் படித்துவிட்டு நான் பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

சரி என்று அந்த வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். முன்கூட்டியே ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன், இந்தத் தடவை பொட்டலம் கிடையாது, பந்தி. ஊரிலிருந்து வருகிற ஓர் அக்கா காலையிலேயே தன் அரிவாள்மணையோடு வந்து உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்க ஆரம்பித்தார், பக்கத்தில் திண்ணை வீட்டு அம்மா கத்திரிக்காய். காரக்குழம்பு, ரசம், அப்பளம். சோறு பெண்கள் வாராவாரம் கொண்டுவந்து போட்ட பிடியரிசியில், பாதி ரேஷன் அரிசி, அதனால் ஒரு பக்கம் குழைந்தும் ஒரு பக்கம் விறைத்தும் இருந்தது. இலை போட்டோம். ஊரில் நாலைந்து தறி வைத்திருக்கிற ஒருவர், மரியாதையானவர், சபைக்கு நிறைய உதவியவர், என் காதருகில் வந்து, "எனக்கு சுகர் இருக்குதுங்க, வெளியில சாப்பிடறது இல்ல" என்றார். இரண்டு வருஷமாக என் கையால் பிரியாணி வாங்கிப் போனவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஸ்கூட்டரை எடுத்தார். அவர் மனைவி ஒரு நிமிஷம் தயங்கி நின்று, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். அந்தத் தண்ணீரை எல்லாரும் பார்த்தார்கள்.

மூன்று குடும்பத்தில் இரண்டு அதோடு வரவில்லை. அரிவாள்மணை அக்கா வீடு மட்டும் நின்றது. காணிக்கை பாதியானது. சபை வளரணும் என்றால் ஜனங்களின் பழக்கத்துக்கு விட்டுக்கொடுத்துப் போகணும் பிரதர், முதலில் உள்ளே வரட்டும், அப்புறம் மாற்றலாம் என்று எனக்கு புத்தி சொன்ன மூத்த ஊழியர்கள் உண்டு. அவர்கள் சபைகள் பெரியவை. ஆனால் அந்த அப்புறம் என்பது எந்த வருஷம் வரும் என்று அவர்களில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எல்லாவற்றிலும் நான் இப்படிக் கறாராக இருந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். பீடி விஷயத்தில் நேர் எதிர். அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், ஆயிரம் கணக்கு முடித்தால்தான் அன்றைய கூலி. செவ்வாய்க்கிழமை ஜெபத்துக்கு முறத்தோடுதான் வருவார்கள். கண் மூடியிருக்கும், வாய் ஸ்தோத்திரம் சொல்லும், விரல் மட்டும் இலையைச் சுருட்டி நூல் கட்டி மடக்கிக்கொண்டே இருக்கும். ஆமென் சொல்வதற்குள் இருபது பீடி விழுந்திருக்கும். வெளியிலிருந்து நான் கூப்பிட்ட ஒரு பிரசங்கியார் இதைப் பார்த்து அதிர்ந்துபோய், பீடி சுற்றுவது பாவம், இன்றைக்கே விடுங்கள் என்று மேசையைத் தட்டிப் பேசினார். அடுத்த செவ்வாய் ஏழு பெண்கள் இல்லை. ஒவ்வொரு வீடாகப் போனேன். ஓர் அக்கா, "நாங்க வுட்டுடறோம், நீங்க சோறு போடுங்க" என்றார். கோபமாகக்கூட இல்லை, விலை கேட்கிற மாதிரி சாதாரணமாக. அந்தத் தூளால் அவர்களுக்கு வரும் இருமல், முதுகு வலி எல்லாம் எனக்குத் தெரியும், அவர்கள் பெண்பிள்ளைகள் முறத்துக்கு வராமல் படிக்கவேண்டும் என்று இன்றைக்கும் பின்னால் நிற்கிறேன். ஆனால் மேடையிலிருந்து ஒருவரின் அடுப்பை அணைக்கிற பிரசங்கம் என் சபையில் அதற்குப் பிறகு கிடையாது. வெளியாள் பேச வந்தால் முன்னாடியே அரை மணி நேரம் தெருவில் நடக்கவைத்துத்தான் மேலே ஏற்றுகிறேன்.

பணத்துக்கு வருகிறேன். முதல் மாதக் காணிக்கை 312 ரூபாய், என் சட்டைப் பையில் போனது. திருடவில்லை, வாடகைக்கு என் கைக்காசு போட்டுத்தான் கொடுத்தேன். ஆனால் கம்பெனியில் பத்து ரூபாய் வவுச்சருக்குக் கையெழுத்து கேட்கிறவன், சபையில் ஒரு நோட்டுகூட வைக்கவில்லை. இரண்டாவது வருஷம் பழைய வண்டியை விற்று செகண்ட் ஹேண்டில் வேறு வண்டி வாங்கினேன். அடுத்த வாரமே தெருவில் பேச்சு. என் மனைவி சொன்னாள், "அவங்க பேசறதுல தப்பு இல்லை, நீங்க கணக்கு காட்டியிருந்தா பேசியிருக்க மாட்டாங்க." அன்றிலிருந்து ஆராதனை முடிந்ததும் எல்லார் கண் முன்னாலும் மூன்று பேர் எண்ணுவார்கள், அதில் ஒருவர் கட்டாயம் பெண், நான் எண்ணுகிறவர்களில் கிடையாது. தொகையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவோம். இப்போது க்யூஆர் கோடு வந்துவிட்டது. அட்டையை மாட்டுவதற்கு முன்னால் அது யார் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். போதகரின் சொந்த நம்பருக்குப் போகிறது என்றால், சந்தேகம் வராமல் போனாலும் வருமான வரிக்காரருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? டிரஸ்ட் பதிந்து, அதன் பெயரில் பான் வாங்கி, வங்கிக் கணக்கு திறக்கிறவரை நோட்டும் கரும்பலகையும் போதும்.

டிரஸ்ட் என்றதும் ஞாபகம். பத்திரம் எழுதுகிறவரிடம் ஒரு மாதிரி தயாராக இருந்தது: ஆயுட்கால நிறுவனர் நான், பொருளாளர் என் மனைவி, செயலாளர் மச்சான், எனக்குப் பின் என் வாரிசு. "எல்லா பாஸ்டரும் இப்படித்தாங்க எழுதறாங்க" என்றார். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். குடும்பத்தை வெளியே எடுத்து சபையார் மூன்று பேரை உள்ளே கொண்டுவந்து திருத்தப் பத்திரம் எழுத ஐந்து வருஷம் ஆனது, அதில் மச்சானோடு ஒரு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. முதலிலேயே சரியாக எழுதியிருந்தால் ஒரு டீ செலவில் முடிந்திருக்கும்.

வெளிநாட்டுப் பணம் பற்றி எல்லாரும் கேட்பார்கள். எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கக்கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பதிவு வைத்திருக்கிற நிறுவனம்கூடத் தான் வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. ஆனால் என் அனுபவம் சட்டம் பற்றியது இல்லை. உள்நாட்டு அமைப்பு ஒன்று, பெயர் வேண்டாம், இரண்டு வருஷம் எனக்கு மாதம் 3,000 உதவி செய்தது. மாதா மாதம் ரிப்போர்ட் அனுப்பவேண்டும்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை ஞானஸ்நானம், எத்தனை புதுக் கிராமம். முதல் மாதம் உள்ளதை எழுதினேன். நாலாவது மாதம் செவ்வாய் ஜெபத்துக்கு வந்தவரையும் ஞாயிறு ஆராதனைக்கு வந்த அதே ஆளையும் தனித்தனியாக எண்ணினேன். எட்டாவது மாதம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டினேன். பொய் என்று யாரும் சொல்லமுடியாது, எல்லாரும் உயிரோடு இருக்கிற ஆட்கள். ஒரு நாள் ரிப்போர்ட்டில் 143 என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன், கொட்டகையில் ஐம்பது பேர். உதவியை நிறுத்திக்கொள்ளச் சொல்லி எழுதினேன், காரணம் எழுத தைரியம் வரவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹென்றி வென், ரூஃபஸ் ஆண்டர்சன் என்று இரண்டு மிஷன் தலைவர்கள், ஒருவர் இங்கிலாந்து, ஒருவர் அமெரிக்கா, சபை தன்னைத்தானே தாங்கணும், தானே நடத்தணும், தானே பரவணும் என்று சொல்லிவிட்டார்கள். எங்களைத் தாங்கியது பிடியரிசிதான், உலையில் போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில். கடைசியில் வாடகையை அதுதான் கட்டியது.

கீபோர்டு கதை சுருக்கமாக. நன்றாகப் பாடுகிற, வாசிக்கிற ஒரு பையன் வந்தான், ஆறு மாதத்தில் அவனை ஆராதனை நடத்துகிறவனாக்கி, அடுத்த மாதம் பிரசங்கமும் கொடுத்தேன். சபை நடத்துகிறவன் "நூதன சீஷனாயிருக்கக்கூடாது", அதாவது புதுசாக விசுவாசத்துக்கு வந்தவனாக இருக்கக்கூடாது என்று 1 தீமோத்தேயு 3 சொல்வதை நான் படிக்காமல் இல்லை, எனக்குக் கூட்டம் தேவைப்பட்டது. ஒன்றரை வருஷத்தில் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போனான். அவன்மேல் வருத்தம் இல்லை, இப்போது பேசிக்கொள்கிறோம். பழுக்காததைப் பறித்தது நான். அந்த நாளெல்லாம் திண்ணை வீட்டு அம்மா, எழுதப் படிக்கத் தெரியாதவர், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யாருக்குக் காய்ச்சல், யார் புருஷன் குடித்துவிட்டு அடித்தான் என்று தெரு முழுக்கப் போய்வந்துகொண்டிருந்தார். உண்மையான மூப்பர் வேலை அதுதான். எனக்கு அது கண்ணில் படவே நாலு வருஷம் ஆனது.

மாத்திரை விஷயத்தை நான் அந்தத் தம்பியிடம் சொல்லவில்லை. வலிப்பு வருகிற ஒரு பையனுக்காக உபவாச ஜெபம் வைத்தோம், இரண்டு மாதம் வலிப்பு வரவில்லை, சாட்சி சொன்னார்கள், எல்லாரும் கை தட்டினோம். சாட்சியில் அவன் அப்பா, "மாத்திரையும் நிறுத்திட்டோம்" என்றார். நான் மைக்கைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் விசுவாசம் இல்லாதவன் என்று நினைப்பார்களோ என்று புன்சிரிப்போடு நின்றேன். மூன்றாவது வாரம் அவன் அடுப்புப் பக்கம் விழுந்தான். கையில் தழும்பு இருக்கிறது, ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறேன். ஐடா ஸ்கடர் அம்மா 1900 இல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்து ரயிலேறி ஜனங்கள் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள், நாங்களோ ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு மாத்திரையை நிறுத்தியதற்குக் கை தட்டினோம். இப்போது ஜெபம் பண்ணுகிற கையோடு மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்க்கிறேன். டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் அது சாட்சி ஆகாது என்று பலகையிலேயே எழுதியிருக்கிறோம்.

இன்னும் இரண்டு மூன்று, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாக்ஸ்: ஐம்பது பேருக்கு மைக் தேவையில்லை. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், பகலிலும் குடியிருப்புப் பகுதியில் 55 டெசிபல்தான். எங்கள்மேல் புகார் கொடுத்தவர் எதிரி இல்லை, எதிர் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணின் அப்பா. கட்டடம்: வீட்டு மனை வாங்கி இஷ்டத்துக்கு ஆலயம் எழுப்பமுடியாது, வழிபாட்டுத் தலத்துக்கு கலெக்டர் அனுமதி வேண்டும், அதனால் கட்டட நிதி வசூலிக்க ஆரம்பிக்கும் முன் அதை விசாரியுங்கள். ஞானஸ்நானம்: குடியரசுத் தலைவரின் 1950 ஆணைப்படி எஸ்.சி. அந்தஸ்து இந்து, சீக்கிய, பௌத்தர்களுக்குத்தான். கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பி.சி. ஆகிவிடும். வேலைக்கும் படிப்புக்கும் இதன் அர்த்தம் என்ன என்று தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் வீட்டாரோடு உட்கார்ந்து சொல்லுங்கள். அது நியாயமான சட்டமா என்பது வேறு சண்டை. அவசரப்படுத்தாதீர்கள், போட்டோ எடுத்து முகநூலில் போடாதீர்கள். நான் போட்டேன். அழிக்கச் சொல்லி ஒரு பையன் என் வீட்டு வாசலில் வந்து அழுதான்.

ஏழாவது வருஷம் முதல் சாவு. பொட்டலக் கேள்வி கேட்ட அந்தப் பாட்டிதான். ராத்திரி இரண்டு மணிக்கு போன், "ஐயா, எங்க பொதைக்கறது?" சபை ஆரம்பிக்கிறவன் எல்லாவற்றையும் யோசிப்பான், கல்லறையை யோசிக்கமாட்டான். காலனி சுடுகாட்டில் என்றால் மேளம், பதினாறாம் நாள் காரியம் எல்லாம் வேண்டும் என்று உறவுக்காரர்கள்; கிறிஸ்தவ முறையில்தான் என்று பாட்டியே சொல்லிவைத்துவிட்டுப் போயிருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தப் பழைய ஆயருக்குப் போன் போட்டேன். அவர் மாற்றலாகிப் போயிருந்தார். ஆனால் புது ஆயரிடம் பேசி, கமிட்டிக்காரர்களிடம் பேசி, எட்டு மணிக்குள் அவர்கள் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி வாங்கிக் கொடுத்தார். "நீங்க எங்க ஆட்டைத் திருடலையே பிரதர்" என்றார் போனில். குழி வெட்ட ஊரிலிருந்து அரிவாள்மணை அக்காவின் பையன் மண்வெட்டியோடு வந்திருந்தான், காலனிப் பையன்கள் இரண்டு பேரோடு. வெயில் ஏறிவிட்டது, வேலூர் வெயில் தெரியுமே.

2021 நவம்பரில் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம். இரண்டு ஞாயிறு என்னால் அந்தப் பக்கம் போகமுடியவில்லை. போனும் சரியாகக் கிடைக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு சுற்றிக்கொண்டு போய்ச் சேரும்போது பத்தரை மணி. ஆராதனை தொடங்கிவிட்டிருந்தது. துப்பட்டா இழுபட்ட அந்தப் பெண், இப்போது கல்யாணமாகி அதே ஊரிலேயே டீச்சர், வேதபாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். கொட்டகையின் ஒரு ஓரம் ஒழுகியிருந்தது, பாய்களை இந்தப் பக்கம் நெருக்கிப் போட்டிருந்தார்கள். பின்னால் பெரிய அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது, வீட்டில் தண்ணீர் புகுந்தவர்களுக்காக இரண்டு வாரமாக அங்கேதான் சமையலாம். அண்டா யாருடையது என்று கேட்டேன். தறிக்காரர் வீட்டு அண்டா. அவர் மனைவி தலையில் துணி கட்டிக்கொண்டு விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் வெளியே புளியமரத்தடியில் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இன்று வரை அவர் பந்தியில் உட்காரவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பாயில் இடமில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை. திண்ணை வீட்டு அம்மா மட்டும் மடியிலிருந்த முறத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.